வீராணம் ஏரிக்கரையில் ஓடலாமா? எந்தப் பாதை, எந்த மாதம், எதில் கவனம்? - முழு விவரம்

கடலூர் மாவட்டம் லால்பேட்டையில் இருந்து சேத்தியாத்தோப்பு நோக்கி விடியற்காலையில் கிளம்பினால், வலப்பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல், இடப்பக்கம் வீராணம் ஏரி. நடுவில் கரையும் சாலையும். மேடு பள்ளம் கிடையாது. டிராஃபிக் சிக்னல் கிடையாது. ஓட்டப் பயிற்சி செய்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா என்று தோன்றும்.

தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் ஏரிக்கரை என்பது ஓடுதளம் அல்ல. அது பேருந்தும் லாரியும் டிராக்டரும் போகிற சாலை, விவசாயிகள் வேலை செய்யும் இடம், பல்லாயிரம் ஏக்கருக்குப் பாசனமும் சென்னைக்குக் குடிநீரும் தருகிற ஏரியின் காவல் சுவர். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஓடினால் வீராணம் அருமையான பாதை. தெரியாமல் ஓடினால் கொஞ்சம் ரிஸ்க்தான்.

எங்கே தொடங்கலாம், எவ்வளவு தூரம் ஓடலாம், எந்த மாதம் சரியாக இருக்கும், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வீராணம் ஏன் ஓடுவதற்கு ஏற்ற இடம்?

இதற்குப் பதில் ஏரி கட்டப்பட்ட விதத்திலேயே இருக்கிறது.

வீராணம் இயற்கையாக உருவான ஏரி அல்ல. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. அவருடைய மகன் இராசாதித்தன் இதை அமைத்ததாகச் சொல்லப்படுகிறது. பராந்தகனின் பட்டப்பெயர்களில் ஒன்றான வீரநாராயணன் என்பதை வைத்து 'வீரநாராயண ஏரி' எனப் பெயர் வந்தது. அதுதான் பேச்சுவழக்கில் சுருங்கி வீராணம் ஆனது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலில், ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதாகக் கதை தொடங்குவதும் இதே ஏரிக்கரையில்தான்.

மலைகளுக்கு நடுவே அணை கட்டினால் சுவர் குட்டையாக இருந்தால் போதும். இரண்டு பக்கமும் மலையே தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் காவிரிப் படுகை போன்ற சமவெளியில் அப்படி வசதி இல்லை. நிலம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவை மறித்து, வடக்கு தெற்காக மிக நீளமான மண் கரை போட்டால்தான் தண்ணீர் நிற்கும்.

அதனால்தான் வீராணம் அகலம் குறைவாகவும் நீளம் அதிகமாகவும் இருக்கிறது. சுமார் 14 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் சுமார் 5 கிலோமீட்டர். தண்ணீர் மட்டம் எங்கும் ஒன்றுதான் என்பதால் கரையின் உயரமும் பெரிதாக மாறாது. ஓடுபவரின் பார்வையில் பார்த்தால், ஏற்ற இறக்கமே இல்லாத நீளமான பாதை. வேகத்தை ஒரே சீராக வைத்துக்கொண்டு பழகுவதற்கு இதுபோன்ற இடம் நகரத்தில் கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு வசதியும் உண்டு. பாதை வடக்கு தெற்காகப் போவதால், காலையிலும் மாலையிலும் சூரியன் நேருக்கு நேராகக் கண்ணில் அடிக்காது. பக்கவாட்டில்தான் இருக்கும்.

ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஓடுபவர் ஏன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

வீராணத்துக்கு முக்கியமான தண்ணீர் காவிரியில் இருந்துதான். மேட்டூரில் திறக்கப்படும் தண்ணீர் கொள்ளிடம் வழியாக அணைக்கரையில் உள்ள கீழணைக்கு வருகிறது. அங்கிருந்து வடவாறு வழியாக ஏரிக்குள் போகிறது. இது தவிர, மழைக்காலத்தில் அரியலூர் மாவட்டப் பகுதிகளில் பெய்யும் மழைநீர் செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக மேற்குப் பக்கமிருந்து வந்து சேர்கிறது.

ஏரியின் முழு அளவு 47.5 அடி. கொள்ளளவு 1,465 மில்லியன் கனஅடி, அதாவது ஏறத்தாழ ஒன்றரை டி.எம்.சி. சுமார் 44,856 ஏக்கர் நிலம் இந்த ஏரியை நம்பி இருக்கிறது. 2004-ல் புதிய வீராணம் திட்டம் முடிந்த பிறகு, சுமார் 235 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சென்னைக்கும் இங்கிருந்து குழாய் வழியாகக் குடிநீர் போகிறது.

இந்தக் கணக்கு ஓடுபவருக்கு எதற்கு? காரணம் இருக்கிறது. ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கரையின் காட்சியும் மாறும், ஆபத்தும் மாறும்.

கோடையில் தண்ணீர் குறைந்து, சில ஆண்டுகளில் ஏரி முழுக்க வறண்டுகூடப் போகும். அப்போது கரையில் ஓடினால் ஒரு பக்கம் வெறும் மண்தரைதான் தெரியும். காற்றில் குளிர்ச்சியும் இருக்காது. வடகிழக்குப் பருவமழை வலுத்தால் நிலைமை நேர்மாறு. நீர்மட்டம் 47.5 அடியை நெருங்கும்போது, லால்பேட்டை பக்கம் வெள்ளியங்கால் ஓடை வழியாகவும் மற்ற மதகுகள் வழியாகவும் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கரையோரம் ஓடுவதற்கான இடமே அல்ல.

வீராணத்தின் நீர்மட்டமும் நீர்வரத்தும் மழைக்காலத்தில் செய்திகளில் அடிக்கடி வெளிவரும். விவசாயிகள் அதைப் பார்ப்பது போல, ஓடக் கிளம்புகிறவரும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

எந்தப் பாதையில் ஓடலாம்?

ஓட்டத்துக்கென்று அடையாளம் போட்ட பாதை எதுவும் இங்கே இல்லை. கிழக்குக் கரையை ஒட்டிப் போகும் லால்பேட்டை - சேத்தியாத்தோப்பு சாலையை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். உடல் தகுதியைப் பொறுத்து மூன்று விதமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, 5 கிலோமீட்டர். புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்கு இது போதும். லால்பேட்டையின் வடக்கு எல்லையில் தொடங்கி, கொள்ளுமேடு பக்கமாக இரண்டரை கிலோமீட்டர் போய்விட்டு அதே வழியில் திரும்பலாம். ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் டீக்கடை, தண்ணீர், ஆள் நடமாட்டம் எல்லாம் கிடைக்கும். முடியவில்லை என்றால் நடந்தே திரும்பிவிடலாம்.

இரண்டாவது, 10 கிலோமீட்டர். இதே பாதையில் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். ஊரைத் தாண்டியதும் கரையும் வயலும் மட்டும்தான் துணை. கடைகள் குறையும் என்பதால் கையில் தண்ணீர் இருக்க வேண்டும். தனியாகப் போவதைவிட இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது.

மூன்றாவது, கரை நெடுகிலும் ஒருவழி ஓட்டம். லால்பேட்டையில் தொடங்கி சேத்தியாத்தோப்பு பக்கம் வரை ஓடிவிட்டு, பேருந்தில் திரும்பி வருவது. 15 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஏற்கெனவே வாரம் மூன்று நான்கு நாள் ஓடிப் பழகியவர்கள் மட்டும் இதற்குப் போகலாம். டிக்கெட்டுக்குக் காசும், சார்ஜ் உள்ள போனும் கையில் இருக்கட்டும். கூட ஒருவர் பைக்கில் தண்ணீரோடு வந்தால் இன்னும் நல்லது.

போய்த் திரும்பும் ஓட்டங்களில் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏரிப் பக்கம் காற்றைத் தடுக்க மரமோ கட்டடமோ அதிகம் இருக்காது. உடம்பில் தெம்பு இருக்கும்போதே எதிர்க்காற்றில் போய்விட்டு, காற்று முதுகில் தள்ளும்படி திரும்புவதுதான் புத்திசாலித்தனம். எந்தப் பக்கம் காற்று என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப லால்பேட்டையில் தொடங்குவதா, வடக்கு முனையில் தொடங்குவதா என்று முடிவு செய்யலாம்.

ஏரியை முழுசா ஒரு சுற்று ஓட முடியாதா?

வரைபடத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் வருகிற ஆசை இது. ஆனால் வீராணத்தில் அது அவ்வளவு சுலபமில்லை.

கிழக்கே உயரமான கரை இருக்கிறது. மேற்கே நிலமே மெல்ல உயர்ந்து போவதால், ஏரியின் விளிம்பு ஆண்டுக்கு ஆண்டு, மாதத்துக்கு மாதம் மாறும். தண்ணீர் ஏறினால் விளிம்பு ஊர்ப்பக்கம் நகரும், வற்றினால் உள்ளே போகும். ஓடைகள் வந்து கலக்கும் இடங்களும் அந்தப் பக்கம்தான். மழை பெய்தால் சேறு, ஓடையில் தண்ணீர் வந்தால் வழி இல்லை. ஊருக்கு ஊர் இணைக்கும் கிராமச் சாலைகளும் ஏரி விளிம்பை விட்டு விலகி விலகிப் போகும்.

ஆகவே, மேற்குப் பக்கம் ஓட விரும்புகிறவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களிடம் வழி கேட்டுக்கொண்டு, கோடைத் தொடக்கத்தில் பகல் வெளிச்சத்தில் சின்னச் சின்னத் தூரமாக ஓடுவது நல்லது. மேப்பில் கோடு தெரிகிறது என்பதற்காக நேரே இறங்கிவிடக் கூடாது.

எந்த மாதம், எந்த நேரம் சரி?

வீராணத்தின் ஆண்டை ஓடுபவரின் கண்ணோடு பார்த்தால் இப்படிப் பிரிக்கலாம்:

- ஆவணி, புரட்டாசி: காவிரித் தண்ணீர் வந்து ஏரி நிரம்பும் காலம். சம்பா நடவு வேலை தொடங்கும். காலையில் ஓடலாம், வெயில் இன்னும் முழுசாகக் குறைந்திருக்காது.
- ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை எச்சரிக்கை இருக்கும் நாட்களிலும், உபரி நீர் திறக்கும் நாட்களிலும் கரைப்பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. இடிமின்னல் நேரத்தில் திறந்த கரையில் ஒதுங்க இடம் கிடையாது.
- மார்கழி, தை: ஏரியில் தண்ணீர், வயலில் பச்சை, பிறகு பொன்நிறம். நீர்ப்பறவைகள் கூடும் காலம். ஆண்டிலேயே மிக அழகான நேரம் இதுதான்.
- மாசி, பங்குனி: அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும். காலை நேரம் இன்னும் இதமாக இருக்கும். பனியும் குறைந்துவிடும்.
- சித்திரை முதல் ஆனி வரை: வெயிலும் புழுக்கமும் அதிகம். விடிந்தும் விடியாத நேரத்தில் குறைந்த தூரம் மட்டும்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மார்கழி, தை மாதங்களை. அழகு அதிகமாக இருக்கும் அதே நேரத்தில்தான் ஆபத்தும் அதிகம். தண்ணீரும் ஈர வயலும் இருபுறமும் இருப்பதால் விடியலில் பனிமூட்டம் கட்டும். சில நாட்களில் கொஞ்ச தூரத்தில் வருகிற வண்டியே தெரியாது. வண்டி ஓட்டுபவருக்கும் ஓடுபவர் தெரிய மாட்டார். அந்த மாதங்களில் சூரியன் உதிக்கவே ஆறே கால், ஆறரை ஆகிவிடும். அதனால் ஐந்து மணிக்கே கிளம்புவதைவிட, பனி கொஞ்சம் விலகி வெளிச்சம் வந்த பிறகு கிளம்புவதுதான் சரி. குளிர்ந்த மாதம் என்பதால் ஏழு மணிக்கு ஓடினாலும் உடம்பு தாங்கும்.

மாலை ஓட்டம் விரும்புகிறவர்களுக்கு வேறொரு பரிசு உண்டு. கரைக்கு மேற்கேதான் ஏரி. எனவே சூரியன் தண்ணீருக்கு மேலேதான் மறையும். ஆனால் இருட்டுவதற்கு முன் ஊருக்குள் திரும்பிவிடும்படி நேரத்தைக் கணக்குப் பண்ண வேண்டும்.

சாலையில் எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

பலரும் தவறு செய்யும் இடம் இது. வண்டிகள் இடப்பக்கம் போகின்றன, நாமும் இடப்பக்கமே ஓடுவோம் என்று நினைக்கிறார்கள். அப்படி ஓடினால் வண்டி முதுகுக்குப் பின்னால் வரும். ஹாரன் அடித்த பிறகுதான் தெரியும்.

நடப்பவரும் ஓடுபவரும் சாலையின் வலப்பக்கம் போவதே பாதுகாப்பு. அப்போது அந்தப் பக்கம் வருகிற வண்டி எதிரில் வரும். கண்ணால் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். லால்பேட்டையில் இருந்து வடக்கே ஓடும்போது வலப்பக்கம் என்பது வயல் பக்கம். திரும்பி வரும்போது வலப்பக்கம் என்பது ஏரிப் பக்கம். ஆக, விதியை ஒழுங்காகப் பின்பற்றினால் போகும்போது வயலும், வரும்போது ஏரியும் பக்கத்திலேயே இருக்கும்.

இன்னும் சில விஷயங்கள்:

- இரண்டு மூன்று பேராக ஓடினாலும் பேசிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் போகாமல், ஒருவர் பின் ஒருவராக ஓட வேண்டும்.
- வெள்ளை, மஞ்சள் போன்ற பளிச்சென்ற சட்டை. வெளிச்சம் குறைவான நேரத்தில் ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டை, சின்ன டார்ச்.
- காதில் ஹெட்போன் வேண்டாம். கட்டாயம் வேண்டும் என்றால் ஒரு காதில் மட்டும்.
- பேருந்து வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஓரமாக நின்றுகொள்ளலாம். இரண்டு விநாடி போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

அறுவடை நேரத்தில் சாலையோரம் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதை மிதித்துக்கொண்டு ஓடுவது கூடவே கூடாது. அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. நெல்லைச் சுற்றிப் போகும்போது சாலையின் நடுப்பக்கம் வர வேண்டியிருக்கும் என்பதால், வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு நடந்து கடப்பது நல்லது. அறுவடை இயந்திரமும் டிராக்டரும் திரும்பும் இடங்களிலும் அப்படியே.

ஏரிக்கரையில் வெயில் குறைவுதானே?

பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது, காற்று வருகிறது, அதனால் உடம்பு சூடாகாது என்று நினைப்பது சகஜம். பாதிதான் உண்மை.

ஓடும்போது உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வியர்வையைத்தான் நம்பியிருக்கிறது. வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, அது ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உடம்பின் சூடு இறங்காது. காற்றின் ஈரப்பதம் பொதுவாக விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். ஏரியும் வயலும் சூழ்ந்த இடத்தில் கேட்கவே வேண்டாம். காற்று அடிக்கும் நாளில் இதமாக இருக்கும், காற்று நின்றுவிட்டால் புழுங்கித் தள்ளும்.

அதனால் கோடை மாதங்களில் வேகத்தைப் பார்க்காமல் உடம்பைக் கவனிக்க வேண்டும். கூட ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் பாதுகாப்பான வேகம். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நடக்க ஆரம்பித்துவிடலாம்.

ஓட்டத்துக்கு முன்பும் பின்பும் தண்ணீர், மோர், உப்பு போட்ட நீராகாரம் எதுவானாலும் சரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதாக இருந்தால் வெறும் தண்ணீர் மட்டும் இல்லாமல் உப்பும் உடம்புக்குள் போக வேண்டும்.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலில் உட்கார வேண்டும். கூட ஓடியவர் குழம்பிப் பேசுகிறார், தடுமாறுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். 108-க்கு அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திராமல் தலை, கழுத்து, அக்குள் எல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஓடி முடித்ததும் ஏரியில் இறங்கிக் குளிக்கலாமா?

வேண்டாம். குறிப்பாக மதகு இருக்கும் இடங்களில் கண்டிப்பாக வேண்டாம்.

மதகு என்பது கரைக்கு அடியில் தண்ணீர் வெளியே போகிற வழி. மேலே பார்த்தால் ஏரி அசையாமல் இருப்பது போலத்தான் தெரியும். மதகு திறந்திருந்தால் அடியில் தண்ணீர் வேகமாக இழுக்கும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களும் அந்த இழுப்பில் இருந்து மீள்வது கடினம். கரையின் உட்பக்கச் சரிவில் கல் பதித்த இடங்களில் பாசி படிந்திருக்கும். முகம் கழுவ இறங்கினால்கூட வழுக்கும். ஓடிக் களைத்த காலுக்குப் பிடிமானம் இன்னும் குறைவு.

ஏரித் தண்ணீரை அப்படியே குடிப்பதும் கூடாது. சென்னைக்குப் போகும் தண்ணீர்கூட சுத்திகரிக்கப்பட்ட பிறகுதான் குழாயில் போகிறது. நீரேற்று நிலையம், மதகை இயக்கும் இடம் போன்ற பகுதிகளுக்குள் நுழையாமல் வெளியே இருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கரையின் புல்லும் எலி வளைகளும் இருக்கும் இடங்களில் பாம்பு இருக்க வாய்ப்பு உண்டு. வயல் எலியைத் தேடித்தான் அவை வருகின்றன. இருட்டில் புல்லில் கால் வைக்காமல் இருப்பதே பாதிப் பாதுகாப்பு. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு இது எப்படி உதவும்?

ஏரிக்கரையில் ஓடுகிற எல்லோரும் காட்சி பார்க்க ஓடுவதில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடும் இளைஞர்களைப் பார்க்கலாம். காவல்துறைத் தேர்வு, ராணுவ ஆள்சேர்ப்பு என்று அவர்களுக்கு ஒரு குறிக்கோள் இருக்கும். பக்கத்தில் மைதானம் இல்லாத ஊரில் கரைதான் மைதானம். ஒரு வீட்டின் வருமானமே அந்த ஓட்டத்தில் அடங்கியிருக்கும்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், உடல்தகுதிக்காக ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள்ளும் ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் அறிவிப்பில் இருக்கும் அளவைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

இதைக் கரையில் எப்படிப் பழகுவது? சாலையோரம் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவில், 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்கள் நடும் வழக்கம் உண்டு. அவை சரியாக இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் போனில் தூரத்தை அளந்து ஒரு முறை அடையாளம் வைத்துக்கொள்ளலாம். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க, ஒவ்வொரு 200 மீட்டரையும் 56 விநாடிக்குள் கடக்க வேண்டும். 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் முடிக்க, 200 மீட்டருக்கு 75 விநாடி. இந்தக் கணக்கு காலில் ஏறிவிட்டால், தேர்வு நாளில் முதல் சுற்றிலேயே வேகமாக ஓடிக் களைத்துப்போகிற தப்பு நடக்காது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தினமும் தார் சாலையில் வேகமாக ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் வலி வரும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வேக ஓட்டம், மற்ற நாட்களில் மெதுவான ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு என்று வைத்துக்கொள்வது நல்லது. வலியோடு ஓடி ஓடி, தேர்வுக்கு முந்தின வாரம் படுத்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத கரையில் இருட்டில் தனியாக ஓடச் சொல்ல முடியாது. ஓட வேண்டியது 400 மீட்டர்தான் என்பதால், ஊரை ஒட்டிய ஒரு நேரான பகுதியே போதும். நாலைந்து பேராகச் சேர்ந்து, வீட்டில் நேரம் சொல்லிவிட்டுப் போவதே இப்போதைக்கு நடைமுறைத் தீர்வு.

வெளிநாடுகளில் நீர்த்தேக்கங்களைச் சுற்றி எப்படி ஓடுகிறார்கள்?

இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லேண்ட் பகுதியில் கீல்டர் என்ற பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. 1982-ல் திறக்கப்பட்டது. காட்டுக்கு நடுவே, ஊர்கள் குறைவான இடம். அதைச் சுற்றி சுமார் 42 கிலோமீட்டருக்கு நடப்பவர்கள், ஓடுபவர்கள், சைக்கிளில் போகிறவர்களுக்கென்றே ஒரு பாதை அமைத்திருக்கிறார்கள். ஒரு மாரத்தான் ஓட்டத்தின் தூரமும் ஏறக்குறைய அதேதான். 2010-ல் இருந்து அங்கே மாரத்தான் போட்டியும் நடக்கிறது.

அங்கே இருக்கும் நிலம், மக்கள்தொகை, வானிலை எல்லாம் வேறு. அதை அப்படியே வீராணத்தில் பொருத்த முடியாது. ஆனால் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். ஓடுபவரையும் வண்டியையும் ஒரே சாலையில் விடாமல் பிரித்தாலே பெரும்பாலான ஆபத்து குறைந்துவிடும். 14 கிலோமீட்டருக்கும் தேவையில்லை. கரையின் பலத்துக்குக் கேடு வராமல், ஊரை ஒட்டி ஓரிரு கிலோமீட்டர் மண் பாதையும் நாலு விளக்கும் இருந்தால்கூட, தேர்வுக்கு ஓடுகிற பிள்ளைகள் பனியில் லாரிக்கு ஒதுங்கி நிற்க வேண்டிய நிலை இருக்காது.

மற்ற ஏரி, அணைகளில் ஓடலாமா?

ஏரி வேறு, அணை வேறு. மேட்டூர், வைகை, பவானிசாகர் போன்ற பெரிய அணைகளின் சுவர் மீது அனுமதி இல்லாமல் போக முடியாது. அவை பாதுகாக்கப்பட்ட பகுதிகள். அணைக்கு வெளியே இருக்கும் பொதுச் சாலைகளில் மட்டுமே ஓட முடியும். செம்பரம்பாக்கம், பூண்டி போன்ற குடிநீர் ஏரிகளிலும் கரையில் எந்தப் பகுதியில் பொதுமக்கள் போகலாம் என்பதை நீர்வளத்துறை ஊழியர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகும்.

கிளம்பும் முன் ஒரு தடவை சரிபார்க்க வேண்டியவை

- இன்றைய மழை எச்சரிக்கையும் ஏரியின் நீர்மட்டமும்
- சூரிய உதயம் எத்தனை மணிக்கு, பனிமூட்டம் இருக்கிறதா
- எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லியாச்சா
- தண்ணீர், போன், பேருந்துக்குக் காசு
- பளிச்சென்ற சட்டை
- சாலையின் வலப்பக்கம், ஒருவர் பின் ஒருவர்

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கரையில் மாட்டுவண்டி போயிருக்கிறது, குதிரை போயிருக்கிறது, இப்போது பேருந்து போகிறது. காலில் ஷூ மாட்டிக்கொண்டு ஓடுபவரும் அந்த வரிசையில் ஒருவர்தான். ஏரி நிறைந்திருக்கும் ஒரு தை மாதக் காலையில், பனி விலகிய பிறகு, 5 கிலோமீட்டர் போய்விட்டு வந்தால் போதும். அடுத்த வாரம் 10 கிலோமீட்டர் போகத் தானாகவே ஆசை வரும்.